ஏழு வயது மகளுடன் நுவரெலியாவில் ஒரு நாள்: ஹோட்டன் சமவெளியா, ஹக்கலயா?

கச்சான் காற்று புழுதியை வாரி இறைக்கும் ஆகஸ்ட் விடுமுறையில் திருகோணமலையிலிருந்து மலைநாட்டுக்குப் போகும் குடும்பங்களில் பல நுவரெலியாவில்தான் தங்குகின்றன. அங்கே கையில் ஒரேயொரு முழு நாள் இருந்தால், சிறு பிள்ளையை அழைத்துக்கொண்டு ஹோட்டன் சமவெளிக்குப் போவதா, அல்லது பதுளை வீதியில் சீதையம்மன் கோயிலையும் ஹக்கல பூங்காவையும் பார்த்துவிட்டு மாலையில் கிரகரி வாவிக்குத் திரும்புவதா என்ற கேள்வி எழும். நானும் ஏழு வயது மகளும் மட்டுமாகப் போய் நான்கு நாள் தங்கியதால், இரண்டையும் செய்து பார்க்க வாய்த்தது.

ஹோட்டன் சமவெளிக்கு ஆதரவாகச் சொல்ல நிறையவே உண்டு. 1988இல் தேசியப் பூங்காவாக்கப்பட்ட, 2,000 மீற்றருக்கும் மேலே கிடக்கும் அந்தப் புல்வெளி மகாவலியின் நீரூற்றுப் பகுதிகளில் ஒன்று. எங்கள் திருகோணமலையின் கொட்டியாரக் குடாவில் கடலோடு கலக்கும் ஆறு எங்கே தொடங்குகிறது என்று பிள்ளைக்குக் காட்டும் ஆசைதான் என்னை அங்கே இழுத்தது. (எல்லோரும் நின்று படம் எடுக்கும் பேக்கர் நீர்வீழ்ச்சியின் தண்ணீர் மட்டும் நம் பக்கம் வருவதில்லை, அது பெலிஹுல் ஓயா வழியே வளவை கங்கையில் சேர்ந்து தெற்கே போய்விடுகிறது.)

ஆனால் அந்த நாளுக்குக் கொடுக்கவேண்டிய விலை அதிகம். காலை ஒன்பது, பத்து மணிக்குள் பனிமூட்டம் ஏறிவிடும் என்பதால் விடியுமுன் நான்கரைக்கே பிள்ளையை எழுப்பி, கம்பளிச் சட்டை மாட்டி, வாடகை வானில் ஏற்றவேண்டும். வாசலில் பொலித்தீனுக்கு அனுமதி இல்லை. எங்கள் பிஸ்கட் பக்கற்றைப் பிரித்துக் கடதாசிப் பையில் கொட்டித் தந்தார்கள். அதன்பின் ஏறக்குறைய ஒன்பது கிலோமீற்றர் சுற்றுப்பாதை. சுமார் 870 மீற்றர் செங்குத்தாக இறங்கும் 'உலக முடிவு' விளிம்பை நாங்கள் அடைந்தபோது கீழே வெறும் வெள்ளை. திருகோணமலைக் கடலோரப் பாறையான சுவாமி மலையில் நின்று கீழே அலை அடிப்பதைப் பார்த்தே வளர்ந்தவள், “அப்பா, கீழ கடலா?” என்று கேட்டாள். “கடல் இல்லை மகள், முகில்” என்றேன். சற்று நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, “அப்ப வீட்ட போவம்” என்றாள். பாதியில் அலுத்த பிள்ளைக்குச் சுற்றுப்பாதையில் குறுக்குவழி கிடையாது. திரும்பினாலும் தொடர்ந்தாலும் ஏறத்தாழ அதே தூரம். மீதிப் பாதையில் பெரும்பகுதியை அவள் என் தோளில்தான் கடந்தாள். அவளுக்குப் பிடித்தது வாகனத் தரிப்பிடத்துக்கு அருகே நின்ற மரை என்னும் பெரிய மான் ஒன்று. திருகோணமலை பிரெட்ரிக் கோட்டையில் நாள்தோறும் புள்ளிமான்களைப் பார்ப்பவளுக்கு அந்த உடம்பின் பருமன் பெரும் வியப்பு.

பதுளை வீதி நாளில் ஒன்பது மணிக்குச் சாப்பிட்டு முடித்துவிட்டு, வெலிமடைப் பேருந்தில் ஏறினோம். சுவாமி மலைப் பாறையில் உள்ள பிளவான இராவணன் வெட்டையும், இராவணன் தன் தாயின் ஈமக்கடனுக்காகத் தோண்டியதாகச் சொல்லப்படும் கன்னியா வெந்நீர்க் கிணறுகளையும் அறிந்த திருகோணமலைப் பிள்ளைக்கு, சீதையைச் சிறைவைத்த இடம் என்று சொல்லப்படும் சீதா எலிய புதிய கதையன்று. தெரிந்த கதையின் அடுத்த பகுதி. கோயிலருகே ஓடும் ஓடையில் கையை வைத்தவள் சட்டென்று இழுத்துக்கொண்டு, “கன்னியாத் தண்ணிக்கு நேர் எதிர்” என்று சிரித்தாள். அங்கேயே ஒரு மணி நேரம் போயிற்று. எங்களை அவசரப்படுத்த எவரும் இல்லை.

ஹக்கல பூங்கா 1861இல், மலேரியாவுக்கு மருந்தான குயினைனைத் தரும் சிங்கோனா மரத்தை வளர்த்துப் பார்க்கத் தொடங்கப்பட்டது. இன்று அங்கே பெரியவர்கள் ரோசாத் தோட்டத்தைத் தேடுகிறார்கள், பிள்ளைகள் மரக்கிளைகளில் தாவும் கருங்குரங்குகளைத் தேடுகிறார்கள். இரண்டு மணிக்கு மழை பிடித்துக்கொண்டதால், 1873இல் அமைக்கப்பட்ட கிரகரி வாவியில் அன்னப் படகு விடும் திட்டத்தைக் கைவிட்டு, ஒரு கடையில் பிளேன்ரீயும் ரோல்ஸும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டோம். எதையும் இழந்ததாக அவள் நினைக்கவில்லை. உண்மையைச் சொன்னால், வாவியைச் சுற்றியுள்ள இரைச்சலுக்கு அந்தக் கடையே மேல் என்று எனக்குத் தோன்றியது.

ஆகவே, எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளையுடன் தாயோ தகப்பனோ தனியே போவதானால், நான் தயங்காமல் ஹக்கலப் பக்கத்தையே சொல்வேன்: விரும்பிய இடத்தில் பயணத்தை முறித்துக்கொள்ளலாம், போக்குவரத்தைப் பேருந்துக் கட்டணத்திலேயே முடித்துக்கொள்ளலாம். ஒன்பது கிலோமீற்றர் நடக்கக்கூடிய, பத்து வயது தாண்டிய பிள்ளையானால் கணக்கு மாறும். அப்போதும் ஆகஸ்டைவிட, மழை குறைந்த சனவரி முதல் மார்ச் வரையான காலத்தில் ஒரு நீண்ட வார இறுதியைத் தேடிப் பிடிப்பதே புத்தி. நாங்களும் அப்படி ஒரு பெப்ரவரியில் மறுபடி ஏறுவதாகப் பேசி வைத்திருக்கிறோம். மகள் கேட்டிருப்பது மகாவலியையும் அல்ல, உலக முடிவையும் அல்ல, அந்த மரையைத்தான்.