பழைய வகுப்புத் தோழர்களைக் கூட்ட வாட்ஸ்அப் குரூப் மட்டும் போதுமா?

பள்ளி முடித்து 20, 25 வருஷம் கழித்து எல்லாரும் ஒருமுறை சந்திக்கலாம் என்ற பேச்சு வந்ததுமே யாராவது ஒருவர் வாட்ஸ்அப்பில் குரூப் திறந்துவிடுவார். ஆளைத் தேடிப் பிடிப்பதற்கு அது அருமையான கருவி. யார் வருகிறார்கள் என்ற கணக்கை அதில் வைத்துக்கொள்ளப் பார்த்தால்தான் சிக்கல் தொடங்கும்.

ஒரு குரூப்பில் 1024 பேர் வரை சேரலாம் என்பதால் எல்லாப் பிரிவுகளும் சேர்ந்த முழு செட்டே ஒன்றில் அடங்கிவிடும். புதிதாக வருகிற ஒவ்வொருவரும் இரண்டு மூன்று பேரின் எண்ணையாவது கொண்டுவருவார். சிலரை நேரடியாகச் சேர்க்க முடியாது. தன் தொடர்புகளில் இருப்பவர்கள் மட்டுமே குரூப்பில் சேர்க்கலாம் என்று அமைத்து வைத்திருப்பவருக்கு அழைப்பு தனிச் செய்தியாகத்தான் போகும், 3 நாளில் அது காலாவதியாகிவிடும். தெரியாத எண் என்று அவர் திறந்தே பார்க்காமல் விடலாம். அதனால் முதலில் போனில் பேசிவிட்டு அழைப்பை அனுப்புவதே சரி.

அழைப்பு லிங்கைப் பொதுவில் போடவே கூடாது. லிங்க் கையில் கிடைத்த யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம், வந்தவுடன் எல்லாருடைய போன் எண்ணும் அவர் கண்ணில் படும். அட்மின் அனுமதித்தால்தான் சேர முடியும் என்ற அமைப்பை முதல் நாளே போட்டுவிடுங்கள். பெயர் நினைவில்லாத ஒருவர் வந்தால், எந்தப் பிரிவு, வகுப்பாசிரியர் யார் என்று இரண்டு கேள்வி கேட்டால் போதும். தேடல் முடிந்ததும் லிங்கை ரீசெட் செய்துவிடலாம்.

விட்டுப்போனவர்களைக் கண்டுபிடிக்க வகுப்பு குரூப் போட்டோவைவிட நல்ல வழி இல்லை. அதைப் படமெடுக்கும் விதம் முக்கியம். கண்ணாடிச் சட்டத்திலிருந்து வெளியே எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் சமதளமாக வைத்து, ஃபிளாஷ் இல்லாமல் நேர் மேலிருந்து எடுக்க வேண்டும். பிறகு அதை டாக்குமெண்டாக அனுப்புங்கள். வழக்கமான போட்டோவாக அனுப்பினால் வாட்ஸ்அப் சுருக்கிவிடும். 45 பேர் நிற்கும் படத்தில் ஒவ்வொரு முகமும் பட்டாணி அளவுதான், சுருங்கியபின் பின்வரிசை வெறும் நிழலாகிவிடும். முன்வரிசை இடப்பக்கத்திலிருந்து எல்லா முகங்களுக்கும் எண் போட்டு, "17, 23, 31 யாருக்காவது தெரியுமா?" என்று கேட்டுப் பாருங்கள். "வேறு யாராவது இருக்கிறார்களா?" என்ற கேள்விக்கு வராத பதில்கள் இதற்கு வரும். போட்டோ எடுப்பதற்கு முன்பே பள்ளி மாறிப் போனவர்கள் இதில் இருக்க மாட்டார்கள். அவர்களைத் தனியாக விசாரிக்க வேண்டும்.

தேதி முடிவு செய்ய வாட்ஸ்அப் வாக்கெடுப்பே போதும். 12 தெரிவுகள் வரை கொடுக்கலாம், ஆனால் நான்கைத் தாண்டினால் வாக்குகள் சிதறிவிடும். முதல் சுற்றில் மாதம், இரண்டாவதில் நாள். ஒன்றுக்கு மேற்பட்ட பதில் என்பதை அனுமதித்தால் பெரும்பாலோருக்கு ஒத்துவரும் நாள் தெரியும். தொலைவிலிருந்து வருபவர்கள் விடுப்பும் டிக்கெட்டும் ஏற்பாடு செய்ய ஆறு மாதமாவது அவகாசம் வேண்டும்.

வருகைக் கணக்குக்குத்தான் வாட்ஸ்அப் கொஞ்சமும் உதவாது. "கண்டிப்பா வர்றேன்" என்ற செய்தியும் கட்டைவிரல் குறியும் நூறு வாழ்த்துகளுக்கு அடியில் புதைந்துவிடும். ஒரு கூகுள் ஷீட் கட்டாயம் வேண்டும்: பள்ளியில் இருந்த பெயர், இப்போதைய பெயர், பிரிவு, எண், உடன் வருவோர், முன்பணம் வந்த தேதி, பேசியவர் யார். சாப்பாட்டுக்கும் இடத்துக்கும் எண்ணிக்கை சொல்லும்போது முன்பணம் கட்டியவர்களை மட்டும் கணக்கில் எடுங்கள். வாய்வார்த்தையை நம்பினால் நாற்காலிகள் காலியாகக் கிடக்கும், செலவு வந்தவர்கள் தலையில் விழும். இறந்துபோனவர்களின் பெயரையும் இதே ஷீட்டில், உறுதி செய்துகொண்ட பிறகு, குறித்து வையுங்கள். குரூப்பில் "அவன் எங்கே?" என்று யாரோ கேட்கும்போது அந்தச் செய்தி திடீரென வெடிப்பது எல்லாருக்குமே கொடுமை.

முதல் வாரத்து ஆரவாரத்தில் பாதிப் பேர் மியூட் செய்துவிடுவார்கள், பிறகு வரும் முக்கிய அறிவிப்பும் அவர்களைச் சேராது. அட்மின் மட்டுமே எழுதக்கூடிய இரண்டாவது குரூப் ஒன்றை அறிவிப்புக்கென்றே வையுங்கள். ஒரு செய்தியை மேலே நிறுத்தி வைக்கும் (pin) வசதியும் உண்டு, ஆனால் அதிகபட்சம் 30 நாள்தான் நிற்கும், மறுபடி போட வேண்டும். இடமும் தேதியும் குரூப் விவரத்தில் இருந்தால் தாமதமாக வருபவரும் படித்துக்கொள்வார்.

குரூப்பைவிட்டு ஒருவர் விலகினால் அந்த அறிவிப்பு இப்போது அட்மின்களுக்கு மட்டுமே போகும். தயவுசெய்து அவரை மறுபடி சேர்க்காதீர்கள், காரணமும் கேட்காதீர்கள். பள்ளி நாட்கள் எல்லாருக்கும் இனிமையாக அமைவதில்லை. கேலிக்கு ஆளானவர் அதே பட்டப்பெயரை மறுபடி திரையில் பார்த்ததும் கிளம்பியிருக்கலாம். நெருங்கிய தோழி ஒருத்தி தனியாகப் பேசினால் போதும். ஆசிரியர்களையும் குரூப்பில் சேர்க்க வேண்டாம், மாணவர் இருவர் நேரில் போய் அழைப்பதே மரியாதை.