காட்டுக்கிழங்கா, நாட்டுக்கிழங்கா?

பனி, வறட்சி, நோய் எல்லாவற்றையும் தாங்கும் உருளைக்கிழங்கை உருவாக்க நினைப்பவர்கள், பெற்றோர் தேடி இரண்டு பக்கம் போகிறார்கள். ஒன்று மெக்சிகோவிலும் தென் அமெரிக்க மலைகளிலும் தானாக வளரும் காட்டு இனங்கள். மற்றது அங்கே ஆண்டிஸ் மலை உழவர்கள் தலைமுறை தலைமுறையாக நட்டுவரும் நாட்டு ரகங்கள்.

நோய் என்று வந்தால் காட்டுக்கிழங்குதான். 1845-இல் அயர்லாந்தைப் பட்டினியில் தள்ளிய இலைக்கருகல் நோயை மெக்சிகோவின் சொலானம் பல்போகாஸ்டானம் என்ற காட்டு இனம் அசராமல் எதிர்த்து நிற்கும். ஆனால் சம்பந்தம் பேசுவதுதான் பெரும்பாடு. அதற்கு 24 குரோமோசோம், நாம் சமைக்கும் கிழங்குக்கு 48. நேராகக் கலந்தால் விதை பிடிக்காது. வேறு இரண்டு இனங்களை நடுவில் பாலமாக வைத்துத் திரும்பத் திரும்பக் கலந்து, அந்த எதிர்ப்பைப் பெற்ற பயோனிகா ரகம் வயலுக்கு வர 40 ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

வேண்டாத சாமானும் கூடவே வரும். 1967-இல் அமெரிக்காவில் வந்த லெனாபி என்ற ரகத்தின் மூதாதைகளில் சொலானம் சக்கோயென்ஸ் என்ற காட்டு இனம் உண்டு. சிப்ஸுக்கு அருமையான கிழங்கு. அழகாகப் பொன்னிறத்தில் வறுபடும். சோதித்துப் பார்த்தால் சொலனின் வகை நஞ்சு அளவுக்கு மிஞ்சி இருந்தது. 1970-இல் திரும்பப் பெற்றார்கள். (அதன் பிள்ளை அட்லாண்டிக் மட்டும் சிப்ஸ் தொழிலில் நிலைத்துவிட்டது.)

நாட்டு ரகங்களில் இந்தத் தலைவலி குறைவு. பலவற்றுக்கும் 48 குரோமோசோம்தான், ருசியும் பழகிய ருசி. 'மருமகளை அழவைப்பது' என்று ஆண்டிஸ் மக்களின் கெச்சுவா மொழியில் பெயர் வாங்கிய ஒன்று உண்டு. மேலெல்லாம் முண்டும் முடிச்சும். தோல் சீவுவதற்குள் கண்ணீர் வந்துவிடும். மாமியார்கள் எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான் போல!

பனிக்குப் பேர்போனவை ருக்கி எனப்படும் கசப்புக் கிழங்குகள். அவற்றை இரவுப் பனியில் உறையவிட்டு, காலால் மிதித்து நீரைப் பிழிந்து, வெயிலில் காயவைத்தால் சுன்யோ. ஒருவகை வற்றல், ஆண்டுக்கணக்கில் கெடாது. ஆனால் ருக்கியில் ஒரு வகைக்கு 36 குரோமோசோம் என்பதால் விதை பிடிப்பது அரிது. இன்னொரு வேடிக்கை, அது சொலானம் அக்காலே என்ற காட்டு இனத்துக்கும் பயிர்க்கிழங்குக்கும் இயற்கையாகப் பிறந்தது. அப்புறம் எது காடு, எது நாடு?

என்னைக் கேட்டால் நாட்டு ரகத்தில் தொடங்கலாம். இலைக்கருகலுக்கு மட்டும் காட்டுக்குப் போகலாம். லிமாவிலுள்ள சர்வதேச உருளைக்கிழங்கு மையம் அப்படிக் காட்டு இனத்தின் எதிர்ப்பைக் கொண்டுவந்து உருவாக்கிய மட்டில்டே என்ற ரகம், 2021-இல் பெருவில் வெளியானது. ஆண்டிஸ் உழவர்கள் தங்கள் நிலத்தில் நட்டுப் பார்த்து, சமைத்துத் தின்று பார்த்துத்தான் அதைத் தேர்ந்தெடுத்தார்கள்.