கோவையில் 6 நாள் பி.எல்.சி. பயிற்சி: மாணவர்களோடு போய் வந்த அனுபவம்

தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரிகல் பிரிவில் பாடம் நடத்துகிறேன். போன மாதம் மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகள் 16 பேரைக் கூட்டிக்கொண்டு கோவை கணபதியில் உள்ள ஒரு ஆட்டோமேஷன் பயிற்சி மையத்தில் 6 நாள் தங்கிவிட்டு வந்தேன். குறைகளும் சொல்லப் போவதால் மையத்தின் பெயரை எழுதவில்லை. ஆனால் மாணவர்களை இப்படி வெளியே அழைத்துப் போக நினைக்கும் ஆசிரியர்களுக்கு, பணம் கட்டும் முன் என்னென்ன கேட்க வேண்டும் என்பது இதைப் படித்தால் தெரியும்.

எங்கள் லேபில் ஒரே ஒரு பி.எல்.சி. (நிரல் எழுதி மெஷினை இயக்கும் சின்னக் கம்ப்யூட்டர்) கிட்தான் இருக்கிறது. பிள்ளைகள் பரீட்சைக்கு லேடர் படம், அதாவது பி.எல்.சி. நிரலைப் படமாக, அழகாகப் போடுவார்கள், ஸ்குரூ டிரைவர் பிடித்தவர்கள் இரண்டு மூன்று பேர்தான். அங்கே முதல் நாள் காலையிலேயே ஆளுக்கொரு வயர் கட்டரையும் கிரிம்பிங் டூலையும் கையில் கொடுத்துவிட்டார்கள். அன்று சாயங்காலம் வரை கம்ப்யூட்டரே திறக்கவில்லை. வயரை உரித்து, நுனியில் பெர்ரூல் என்ற சின்ன உலோகக் குழாய் போட்டு, டெர்மினலில் முறுக்கி, நம்பர் மாட்டுவது, அவ்வளவுதான் வேலை. "இதுக்கா சார் இவ்வளவு தூரம் வந்தோம்" என்று ஒரு பையன் என் காதில் முணுமுணுத்தான், எனக்கும் லேசாக அப்படித்தான் இருந்தது. ஐந்து மணிக்குப் பயிற்சியாளர் வந்து ஒவ்வொரு வயரையும் பிடித்து இழுத்துப் பார்த்தார். கையோடு வந்தது அத்தனையும் மறுபடி செய்ய வேண்டும். அந்தப் பையனுக்கு ஏழு வயர் வந்தது.

பயிற்சியாளர் ஸ்பின்னிங் மில்லில் இருபது வருஷம் மெயின்டனன்ஸ் பார்த்தவர். இரண்டாம் நாள் அவர் காட்டிய ஒரு விஷயத்தை நான் வகுப்பில் பத்து வருஷமாக வாயால் சொல்லிக்கொண்டிருக்கிறேன். காற்றழுத்தத்தில் ஓடும் நியூமேட்டிக் சிலிண்டர் ஒன்று முன்னும் பின்னும் ஓடிக்கொண்டிருந்தது. எமர்ஜென்சி பட்டனை ஒரு மாணவி என்.ஓ. கான்டாக்டில் (அமுக்கினால்தான் கரன்ட் போகும்) கட்டியிருந்தாள், அதற்கேற்ப நிரலும் சரியாக இருந்தது, அமுக்கினால் நின்றது. அவர் ஒன்றும் பேசாமல் பட்டனுக்குப் போகும் ஒரு வயரைக் கழற்றிவிட்டு, "இப்ப அமுக்குங்க கண்ணு" என்றார். அமுக்கினாள், சிலிண்டர் நிற்கவே இல்லை. அப்புறம் அதையே என்.சி.யில் (எப்போதும் கரன்ட் போகும், அமுக்கினால் நின்றுவிடும்) கட்டச் சொல்லி, நிரலை மாற்றி, ஓடும்போது வயரைக் கழற்றினார், உடனே நின்றது. "வயரு அத்துப் போனா மெஷின் நிக்கோணும், ஓடக் கூடாது." அந்தப் பெண் தன் நோட்டில் அதை அப்படியே எழுதிக்கொண்டதைப் பார்த்தேன்.

மூன்றாம் நாள் டைமர், கவுன்ட்டர், ஒரே அவுட்புட்டை இரண்டு இடத்தில் எழுதினால் கடைசி வரி எழுதியதுதான் நிற்கும் என்பது, இதெல்லாம் ஓரளவு நம் பாடத்திலேயே உள்ளவை. நான்காம் நாள் வி.எஃப்.டி. (மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரைவ்) நன்றாக இருந்தது. நான்கு காந்த முனை (4-pole) மோட்டாரை 25 ஹெர்ட்ஸில் ஓட்டி, வேகம் அளக்கும் டாக்கோமீட்டர் வைத்து, கணக்குப்படி வரும் நிமிடத்துக்கு 750 சுற்றுக்குக் கொஞ்சம் குறைவாகக் காட்டுவதை ஒவ்வொருவரும் தன் கையால் பார்த்தார்கள், ஸ்லிப் என்ற அந்த வித்தியாசம் என்ன என்று அதற்கு மேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. டிரைவை அணைத்த பிறகும் உள்ளே கெப்பாசிட்டரில் கரன்ட் இருக்கும் என்பதால், அதன் மேல் எழுதியிருக்கும் நேரம் வரை மூடியைத் தொட விடவில்லை. கண்டிப்பாகக் கடைப்பிடித்தார்கள், மனசுக்கு நிம்மதியாக இருந்தது.

ஐந்தாம் நாள்தான் கொடுத்த காசுக்கு முழு மதிப்பு. மதியம் நாங்கள் சாப்பிடப் போன நேரத்தில் எல்லா போர்டிலும் ஒவ்வொரு கோளாறு செய்து வைத்திருந்தார்கள். எங்கள் பையன் ஒருவனுடைய போர்டில் பிராக்ஸிமிட்டி சென்சார் (தொடாமலே பக்கத்தில் வரும் பொருளை உணர்வது) முன்னால் இரும்பைக் காட்டினால் சென்சாரில் விளக்கு எரிகிறது, பி.எல்.சி. இன்புட்டில் மட்டும் எரியவில்லை. அவன் முதலில் நிரலைத்தான் நோண்டினான், அப்புறம் வயரை மாற்றிப் பார்த்தான். "மீட்டர் வெச்சுப் பாருங்க தம்பி, கண்ணுல பாத்துச் சொல்லாதீங்க" என்று ஒரு குரல், அதோடு சரி, வேறு உதவி கிடையாது. சென்சாருக்கு மின்சாரம் தரும் பழுப்பு வயருக்கும் நீல வயருக்கும் நடுவே 24 வோல்ட் இருந்தது. சிக்னல் தரும் கறுப்பு வயருக்கும் நீலத்துக்கும் நடுவே, இரும்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் 0. கால் மணி நேரம் தலையைப் பிய்த்துக்கொண்டவன் கடைசியில் சென்சாரைக் கழற்றித் திருப்பிப் பார்த்தான். பொடி எழுத்தில் என்.பி.என். (சிக்னல் வயரை 0 வோல்ட் பக்கம் சேர்க்கும் வகை) என்று இருந்தது. அந்த போர்டின் வயரிங்குக்கு வேண்டியது 24 வோல்ட் பக்கம் சேர்க்கும் பி.என்.பி. அவன் கத்திய கத்தலில் பக்கத்து அறையிலிருந்து ஆள் வந்துவிட்டார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, உண்மையாகவே. வகுப்பில் கடைசி பெஞ்சில் வாய் திறக்காத பையன் அவன்.

இனி குறைகள். போனில் பேசும்போது இரண்டு பேருக்கு ஒரு கிட் என்றார்கள். போன பிறகு பார்த்தால் இரண்டு கிட் பழுது, மிச்சமிருந்ததில் மூன்று பேர், சில நேரம் நான்கு பேர். நான்கு பேர் நிற்கும் இடத்தில் இரண்டு பேர்தான் கை வைப்பார்கள், மற்ற இருவர் வேடிக்கை பார்ப்பார்கள். மூன்றாம் நாள் நானே சண்டை போட்டு ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை ஆளை மாற்ற வைத்தேன். ரோபோ கை என்று விளம்பரத்தில் படம் போட்டிருந்தார்கள், அதை ஆறாம் நாள் 20 நிமிடம் ஓட்டிக் காட்டியதோடு சரி. இதைவிடப் பெரிய குறை, பி.எல்.சி. நிரலை நம்பாமல் மெஷினைத் தனியாக நிறுத்தும் சேஃப்டி ரிலே ஒன்றுகூட அங்கே இல்லை. நிஜ மெஷினில் எமர்ஜென்சியைச் சாதாரண பி.எல்.சி. நிரலை மட்டும் நம்பி விடக்கூடாது. பட்டன் பாடத்தை அவ்வளவு அருமையாக நடத்தியவர்கள் இந்த அடுத்த படியைக் காட்டாமல் விட்டது எனக்கு வருத்தம்தான். நேரில் சொன்னேன், வாங்கி வைப்பதாகச் சொன்னார்கள்.

கட்டணம் தங்குமிடம் சேர்த்து ஆளுக்கு 6,500 ரூபாய். பெண் பிள்ளைகளுக்குத் தனி விடுதி, சுத்தமாக இருந்தது, சாப்பாடும் குறை சொல்ல முடியாது. இந்தத் தொகை எங்கள் பிள்ளைகளின் வீட்டில் சின்னத் தொகை இல்லை, அதனால் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்: தமிழ்நாட்டில் 71 அரசு ஐ.டி.ஐ.க்களை டாடா டெக்னாலஜிஸோடு சேர்ந்து தொழில் 4.0 (ரோபோ, ஆட்டோமேஷன் போன்ற புதுத் தொழில்நுட்பம்) மையங்களாக மாற்றும் திட்டம் ஒன்று உண்டு. உங்கள் ஊர்ப் பக்கம் அப்படி ஒன்று இருந்தால் முதலில் அங்கே போய் அந்த ஐ.டி.ஐ.யின் பிரின்சிபாலைப் பார்த்துக் கேளுங்கள்.

போகிறவர்கள் பிள்ளைகளிடம் ஷூவும் ஆளுக்கொரு மல்டிமீட்டரும் கொண்டுவரச் சொல்லுங்கள், அங்கே மீட்டர் போதவில்லை. எத்தனை கிட் வேலை செய்கிறது என்பதை முதல் நாளே எண்ணிப் பாருங்கள். ஐந்தாம் நாள் கோளாறு கண்டுபிடிப்பதை ஒன்றுக்கு இரண்டு நாளாக வைக்கச் சொல்லிக் கேளுங்கள். அடுத்த வருஷம் நான் அப்படிக் கேட்டுத்தான் பணம் கட்டப் போகிறேன், கிட் எண்ணிக்கையை எழுத்தில் வாங்கிக்கொண்டு.