பி.எஃப்.எம்.எஸ்.: ஒரு கல்லூரிக் கணக்குப் பிரிவிலிருந்து

மத்திய அரசு தரும் ஆய்வுத் திட்ட நிதியின் கணக்கை 2016 முதல் பார்த்து வருகிறேன். அரசுப் பணம் யாருக்குப் போகிறது, எங்கே நிற்கிறது என்று கண்காணிக்கும் மத்திய அரசின் இணையதளமான பொது நிதி மேலாண்மை அமைப்பு என்ற பி.எஃப்.எம்.எஸ்.ஸில் நுழையாமல் என் வேலைநாள் எதுவும் முடிவதில்லை.

முதலில் சொல்ல வேண்டியது, இது தேவையான மாற்றம். முன்பு டெல்லியில் பணம் விடுவிக்கப்பட்ட அன்றே அது செலவாக ஏட்டில் ஏறிவிடும். பணமோ ஏதோ ஒரு வங்கிக் கணக்கில் மாதக்கணக்கில் உறங்கும். அதே நேரத்தில் அரசு வட்டிக்குக் கடன் வாங்கிக்கொண்டிருக்கும். அந்தப் பணம் எங்கே நிற்கிறது என்று பார்க்கத்தான் 2008-09இல் நான்கு மாநிலங்களில் இதைச் சோதனையாகத் தொடங்கினார்கள். நாடு முழுவதும் விரிவாக்க 2013 டிசம்பரில் அமைச்சரவை ஒப்புதல் அளித்தது.

உண்மையான சோதனை எங்களுக்கு 2022இல் வந்தது. அந்த ஆண்டு வந்த புதிய முறைப்படி, மத்திய அரசு நேரடியாக நடத்தும் திட்டங்களுக்கு மைய முகமை ஒன்றிடம் பணம் இருக்கும். எங்களைப் போன்றவர்கள் இருப்பே இல்லாத கணக்கு தொடங்கி, ஒதுக்கிய வரம்புக்குள் எடுத்துக்கொள்ள வேண்டும். யோசனை சிறப்பானது. ஆனால் நாங்கள் சென்ற வங்கிக் கிளையில் அப்படியொரு கணக்கைப் பற்றி யாருக்கும் தெரியவில்லை. படிவத்தை மூன்று முறை திருப்பினார்கள். அதற்குள் எங்கள் ஆய்வு மாணவி ஒருவருக்கு ஐந்து மாத உதவித்தொகை நின்றுபோனது. விடுதிக் கட்டணத்துக்கு அவர் ஊரில் நகையை அடகு வைத்தார் என்று பின்னர் அறிந்தபோது எனக்கு ஆறவே இல்லை. முறையை மாற்றும் நாளில் பழைய வழியைச் சில மாதங்கள் திறந்து வைத்திருந்தால் அந்த நகை வீட்டிலேயே இருந்திருக்கும்.

இன்னொன்று, பெயர். நம் ஊரில் தலைப்பெழுத்து கல்லூரிப் பதிவேட்டில் முன்னால் நிற்கும், வங்கியில் பின்னால் போகும், ஆதாரில் தந்தையின் முழுப் பெயராக விரியும். பயனாளியைப் பதியும்போது மூன்றும் ஒரே ஆளுக்குரியவைதானா என்று உறுதிசெய்வதிலேயே பாதி நாள் கரைகிறது. சேரும் நாளிலேயே வங்கிப் புத்தகத்தின் நகலை வாங்கி, அதில் உள்ளபடியே பெயரைப் பதியுங்கள்.

பதிவு செய்பவர் ஒருவர், சரிபார்ப்பவர் இன்னொருவர் என்ற ஏற்பாட்டை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். தவறான கணக்கு எண்ணுக்குப் போகவிருந்த தொகையை அது இருமுறை தடுத்திருக்கிறது. டிஜிட்டல் கையொப்பத்தின் காலாவதித் தேதியை மட்டும் சுவரில் எழுதி வையுங்கள். எங்கள் கல்லூரியில் ஒருமுறை அது மார்ச் கடைசி வாரத்தில் காலாவதியானது.

தந்த பணத்தை உரிய வேலைக்கே செலவிட்டோம் என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழுக்கு வேண்டிய எண்கள் எல்லாம் இப்போது திரையிலேயே இருக்கின்றன. ஆனாலும் அதை அச்சிட்டு, முத்திரையிட்டு, கையொப்பம் வாங்கி, மறுபடியும் ஸ்கேன் செய்து அனுப்புகிறோம். இந்த ஆண்டும் அப்படித்தான் அனுப்பினேன்.