நான்கு ஆண்டாக ஒரு புகைக்கரிப் பெட்டியோடு

எங்கள் டீசல் ஜெனரேட்டரின் சைலன்சருக்குப் பின்னால், புகையின் கரித்துகளை மின்சாரத்தால் இழுத்துப் பிடிக்கும் நிலைமின் வடிகட்டி பொருத்தி நான்கு ஆண்டு ஆகிறது. முதல் நாள் புகைபோக்கி வாயில் பிடித்த வெள்ளைத் துணி வெள்ளையாகவே இருந்தது. ஆறாம் வாரம் மொட்டைமாடியெங்கும் மிளகு அளவுக் கருஞ்செதில்கள். பெட்டியோடு உண்மையான பழக்கம் அன்றுதான் தொடங்கியது.

வேறு வடிகட்டி வாங்காததற்குக் காரணம் உண்டு. எங்கள் ஜெனரேட்டர் பெரும்பாலும் கால்வாசி லோடில்தான் ஓடும். பீங்கான் வடிகட்டி தன்னிடம் சேர்ந்த கரியை எரித்துத் தீர்க்க வேண்டும். வினையூக்கி இல்லையென்றால் அதற்குச் சுமார் 600 டிகிரி செல்சியஸ் வேண்டும். எங்கள் புகை அந்தச் சூட்டின் பக்கமே போவதில்லை. அடைத்துக்கொண்டு என்ஜினை மூச்சுமுட்ட வைத்திருக்கும். இதிலோ புகை போகும் வழி திறந்தே கிடக்கிறது. புகை வெளியேறத் தடைபட்டால் என்ஜின் மேல் திரும்பும் அழுத்தத்தைக் காட்டும் பேக் பிரஷர் மானி இன்றுவரை முதல் மாத அளவையே காட்டுகிறது.

உள்ளே இருப்பது குழாய், அதன் நடுவே கம்பி, கம்பியில் சுமார் 12 கிலோவோல்ட் எதிர்மின்னழுத்தம். கம்பியைச் சுற்றி வாயு அயனியாகி, கரித்துகள் மின்னூட்டம் பெற்றுக் குழாய்ச் சுவரில் போய் ஒட்டும். பள்ளியில் படித்த காட்ரெல் வீழ்படிவாக்கியேதான். ஆனால் 1907-ல் காட்ரெல் பிடித்தது கந்தக அமிலத் துளிகளை. அவை சுவரில் பட்டால் வழிந்து இறங்கிவிடும். கரி அப்படியல்ல. அது மின்கடத்தி. சுவரைத் தொட்டதும் தன் மின்னூட்டத்தை இழந்து, சுவரின் மின்னூட்டத்தை வாங்கிக்கொண்டு திரும்பக் கிளம்பப் பார்க்கும். வெறும் பிசுபிசுப்புதான் அதைப் பிடித்து வைக்கிறது. படலம் தடித்ததும் புகையின் வேகம் அதைப் பிய்த்தெறியும். நூறு நானோமீட்டர்கூட இல்லாமல் உள்ளே போனது, கண்ணுக்குத் தெரியும் செதிலாக வெளியே வரும். நுரையீரலின் ஆழத்துக்குச் செதில் போகாது என்பது ஆறுதல்தான். காயப்போட்ட துணிக்கு அதெல்லாம் தெரியுமா? இரண்டாம் ஆண்டு அடுத்தாற்போல் புகையைச் சுழற்றிக் கனமான துகளை ஓரத்துக்குத் தள்ளிப் பிரிக்கும் ஒரு சிறு சைக்ளோனை இணைத்தோம். நுண்துகளைப் பிடிக்க முடியாத சைக்ளோனுக்குச் செதில் எளிய இரை. மாடி சுத்தமானது.

அதைவிடப் படுத்தியது, கம்பியைத் தாங்கி மின்சாரம் கசியாமல் தடுக்கும் பீங்கான் இன்சுலேட்டர். அதன் மேல் மெல்லிய கரிப்பூச்சு விழுந்தாலே மின்சாரம் அந்தப் பூச்சின் வழியே கசியும், மின்னழுத்தம் இறங்கும், துகள் தப்பிக்கும். பச்சை விளக்கு மட்டும் நிம்மதியாக எரிந்துகொண்டிருக்கும்! அது சொல்வது சப்ளை இருக்கிறது என்பதை மட்டுமே. மூன்று வாரம் அதை நம்பி ஏமாந்தேன். இப்போது கிலோவோல்ட் மானியைத்தான் பார்க்கிறேன். குளிர்ந்த என்ஜின் கிளம்பும்போது படியும் ஈரமும் இதே வேலையைச் செய்யும் என்பதால் இன்சுலேட்டர் ஹீட்டரை அணைப்பதே இல்லை.

கையேடு 500 மணி நேரத்துக்கு ஒருமுறை துடைக்கச் சொல்கிறது. எங்களுக்கு 200 தாண்டாது. திறக்கும் முன் கம்பியை எர்த் செய்துவிடுவோம், அணைத்த பிறகும் மின்னூட்டம் தேங்கி நிற்கும். முகக்கவசம் கட்டாயம். டீசல் புகை புற்றுநோய் தரும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2012-ல் உறுதியாகவே வகைப்படுத்திவிட்டது. பெட்டிக்குள் படிந்திருப்பது அந்தப் புகையின் கரிதான்.

வாடை குறையவில்லை. வாடை தருபவையும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வாயுக்கள், அவை இதில் நிற்காமல் போய்விடும். விற்றவர் அதைச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. குறைந்த லோடில் ஓடும் ஜெனரேட்டருக்கு இன்றும் இதையேதான் வாங்குவேன், சைக்ளோனையும் முதல் நாளே சேர்த்து. மாதம் ஒருமுறை திறந்து துடைக்க ஆள் இல்லையென்றால் வேண்டாம்.