டமியா 1/48 எஃப்-35ஏ: நிறம் ஏறி, அலமாரியில் நாளான பிறகு மேற்பரப்பு எப்படி இருக்கிறது

ஜப்பானிய மாடல் நிறுவனமான டமியாவின் 1/48 எஃப்-35ஏ, அதாவது அமெரிக்கப் போர் விமானத்தை நாற்பத்தெட்டில் ஒரு பங்காகச் சுருக்கிய, நாமே ஒட்டிக் கட்டும் பிளாஸ்டிக் கிட், வெளிவந்தது 2022 கடைசியில். வாங்கி, கட்டி, நிறம் அடித்து, தூசி தட்டி, பார்க்க வருகிறவர்கள் கையில் கொடுத்து வாங்கி என்று நிறைய நாள் ஓடிவிட்டது. பெட்டி திறந்த அன்றே எழுதும் விமர்சனங்கள் ஏராளம் இருக்கின்றன, ஸ்ப்ரூவை (பாகங்கள் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் சட்டத்தை) படம் பிடித்துப் போட்டு 'டீடெயில் அபாரம்' என்று முடித்துவிடுவார்கள். ரேடாரில் எளிதில் சிக்காத ஸ்டெல்த் விமானத்துக்கு அது போதாது. பிரைமர் (அடிப்பூச்சு), நிறம், க்ளியர் (மேலே அடிக்கும் நிறமில்லாப் பூச்சு) மூன்றும் ஏறின பிறகுதான் மேற்பரப்பு சரியா இல்லையா என்று சொல்ல முடியும்.

ஏன் என்றால், மிக்-21 மாதிரிப் பழைய ஜெட்களில் இரண்டு தகடு சந்திக்கும் இடத்தில் ஒரு மெல்லிய இடைவெளி இருக்கும், மாடலில் அதைக் குழிந்த கோடாகக் காட்டிவிட்டால் வேலை முடிந்தது. ஸ்டெல்த் விமானத்தில் அந்த இடைவெளியே எதிரி, ரேடார் அலை அதில் பட்டுத் திரும்பும். அதனால் இடைவெளியையும் திருகுத் தலைகளையும் நிரப்பி, மேலே அலையை உறிஞ்சும் பொருளைப் பூசிவிடுகிறார்கள். எஃப்-35-இல் அந்தப் பூச்சு பட்டை பட்டையாகத் தெரியும், பல இடங்களில் ரம்பப்பல் விளிம்போடு. கிழிந்த புத்தக அட்டைமேல் செல்லோடேப் ஒட்டினால் எப்படி லேசாக மேடு தட்டுமோ, அந்த அளவு மேடுதான். ஆக, இந்த விமானத்தில் குழியைவிட மேடுதான் முக்கியம், அந்த மேடு எவ்வளவு உயரம் என்பதில்தான் ஒரு கிட் நிற்கிறது அல்லது விழுகிறது.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். 1/48-இல் 0.1 மி.மீ. மேடு என்றால் நிஜ விமானத்தில் 4.8 மி.மீ. 1/72-இல் அதே மேடு 7.2 மி.மீ. ஆகிவிடும். குழிந்த கோட்டுக்கும் இதே கணக்குதான்: 0.2 மி.மீ. அகலக் கோடு 1/48-இல் கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர் பிளவு. என்னிடம் இன்னொரு நிறுவனத்தின் எஃப்-22 (இன்னொரு ஸ்டெல்த் விமானம்) மாடல் ஒன்று இருக்கிறது, உடம்பு முழுக்க இப்படிப்பட்ட கோடுகள். நிஜ எஃப்-22-ஐப் பத்தடி தள்ளி நின்று எடுத்த படத்தில்கூட ஆயுத அறைக் கதவு, சக்கரக் கதவு, அசையும் பரப்புகள் தவிர வேறு கோடு தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அந்த மாடலில் கதவுக் கோடுகளை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் மிஸ்டர் சர்ஃபேசர் என்ற, குழியை நிரப்பவும் உதவும் பிரைமரால் நிரப்பி, உப்புத்தாளால் தேய்த்துச் சமன் செய்தேன். சலிப்பான வேலைதான், ஆனால் அதற்குப் பிறகுதான் அது எஃப்-22 மாதிரி இருந்தது.

டமியாவுக்கு வருவோம். பட்டைகளின் மேடு மிக மெல்லியது, விரல் நுனியால் தடவினால் உணரலாம், நேர் வெளிச்சத்தில் பார்த்தால் தெரியாது, விளக்கைப் பக்கவாட்டில் பிடித்தால் சட்டென்று எழுந்து வரும். நிஜ விமானமும் அப்படித்தான் நடந்துகொள்கிறது. இதுதான் இந்த கிட்டின் பெரிய வெற்றி என்று நான் நினைக்கிறேன். ஆனால் இந்த மென்மைக்கு ஒரு விலை உண்டு. தடித்த பிரைமர் அடித்தால் பட்டை காணாமல் போய்விடும், பிரைமரும் நிறமும் க்ளியரும் சேர்ந்து 0.05 மி.மீ.-ஐ எளிதாகத் தொட்டுவிடும். மிஸ்டர் சர்ஃபேசர் 1500-ஐ நன்றாக நீர்க்க வைத்து, ஏர்பிரஷில் ஒரே மெல்லிய கோட், அவ்வளவுதான் அடிக்கலாம். ஒட்டுக் கோட்டைத் தேய்க்கும்போது பக்கத்துப் பட்டையும் சேர்ந்து போகும், அதைத் திரும்பக் கொண்டுவர பட்டையின் இரண்டு பக்கமும் மாஸ்கிங் டேப் ஒட்டி, நடுவில் சர்ஃபேசரை இரண்டு மூன்று முறை தூவி, காய்வதற்கு முன்பே டேப்பை உரித்துவிட வேண்டும். முழுக்கக் காய்ந்த பிறகு உரித்தால் விளிம்பு பிசிறு தட்டும்.

அப்புறம், வாஷ், அதாவது கோடுகளை எடுத்துக்காட்ட விடும் நீர்த்த கருத்த நிறம். பழக்க தோஷத்தில் கருப்பு வாஷை எடுத்து ஊற்றிவிடாதீர்கள். வாஷ் குழிக்கு ஏற்றது, மேட்டின் ஓரத்தில் விட்டால் இரண்டு பக்கமும் பரவி அழுக்காகத்தான் நிற்கும். கதவு இடுக்குகளுக்கு மட்டும் அடிநிறத்தைவிட ஒரு படி கருத்த சாம்பல் போதும்.

நிறம் விஷயத்தில் எந்தக் காலத்து விமானம் என்று முதலில் முடிவு செய்யுங்கள். ஆரம்பகால எஃப்-35-களில் பட்டைகள் உடம்பு நிறத்திலிருந்து தனியாக, வெளிறித் தெரியும், மாஸ்க் செட் (நிறம் படக் கூடாத இடத்தை மறைக்க வெட்டிய ஒட்டுத்தாள்கள்) வாங்கியவர்களுக்கு அது கொண்டாட்டம். பிந்தைய விமானங்களில் எல்லாம் ஒரே கருஞ்சாம்பலாக அடங்கிவிட்டது, அங்கே மேட்டின் நிழல் மட்டும்தான் பேச வேண்டும். இரண்டிலும் உலோக மினுக்கம் உண்டு. சாம்பல் லாக்கர் பெயிண்டில் கொஞ்சம் கன்மெட்டல் (கருத்த உலோக நிறம்) கலந்தால் வெளிச்சம் திரும்பும்போது நிறமும் மாறுகிறது. பளபளப்பே இல்லாத வெறும் மேட் (matt) சாம்பல் அடித்த எஃப்-35 எவ்வளவு சுத்தமாகக் கட்டியிருந்தாலும் உயிரில்லாமல் இருக்கிறது. மழைக்காலத்தில் லாக்கர் வெள்ளை பூக்கும், அந்த நாட்களில் ஏர்பிரஷைத் தொடாமல் இருப்பதே நல்லது.

படம் தேடுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 2025 ஜூன் 14-இல் திருவனந்தபுரத்தில் இறங்கி ஜூலை 22 வரை நின்ற பிரிட்டிஷ் எஃப்-35பி-யை எத்தனையோ பேர் படம் எடுத்திருக்கிறார்கள். பி ரகத்தில் முதுகில் லிஃப்ட் ஃபேன் (செங்குத்தாக இறங்க உதவும் விசிறி) கதவு இருக்கிறது, மற்றபடி பட்டைகள் எப்படி ஓடுகின்றன, நிறம் எப்படி மங்குகிறது என்று பார்க்க விமானக் கண்காட்சிப் படங்களைவிட இவை எனக்கு அதிகம் உதவின, கழுவித் துடைத்து நிறுத்திய விமானமாக இல்லாமல் வெட்டவெளியில் நிற்கிற விமானமாக இருப்பதால்.

நாளான பிறகு தெரிந்த சில விஷயங்கள். கையில் எடுக்கும் இடங்களில், அதாவது இறக்கை ஓரமும் மூக்கின் அடியும், பட்டை விளிம்புகளில்தான் நிறம் முதலில் தேய்கிறது. விரல் எண்ணெய் பட்ட இடம் மேட் க்ளியரை மீறிப் பளபளக்கிறது. தூசியும் மேட்டின் ஓரத்தில்தான் அண்டும், பூனை முடி மாதிரி மெத்தென்ற மேக்கப் பிரஷால் பட்டையின் போக்கிலேயே தட்ட வேண்டும், குறுக்கே தேய்க்கக் கூடாது. ஆயுத அறைக் கதவுகளைத் திறந்து வைத்திருப்பவர்கள் உள்ளே இருக்கும் டீடெயிலுக்காகச் செய்கிறார்கள், புரிகிறது. எனக்கு மூடி வைத்த ஸ்டெல்த் விமானம்தான் பிடிக்கும், ஆனால் மூடும் கதவு ஒரு நூலிழைகூடத் தூக்கிக்கொண்டு நிற்கக் கூடாது, அந்த ஒரு படி மற்ற எல்லாப் பட்டைகளையும் பொய்யாக்கிவிடும்.

இந்தத் துறை எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. 1986-இல் டெஸ்டர்ஸ் என்ற மாடல் நிறுவனம் 'எஃப்-19' என்று ஒரு ஸ்டெல்த் மாடலை வெளியிட்டது, வழவழவென்று வளைந்த உடம்பு. 1988 நவம்பரில் அமெரிக்கா தன் நிஜ ஸ்டெல்த் விமானமான எஃப்-117-இன் படத்தைக் காட்டியபோது அது முழுக்க வெட்டிய தட்டை முகங்களாக இருந்தது. அன்றைக்கு விமானத்தின் உருவமே ஊகம், இன்றைக்குப் பூச்சின் தடிமனைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

வாங்கலாமா என்றால், இடமும் பணமும் இருந்தால் 1/48-ஐயே வாங்குங்கள், மாடல் 33 செ.மீ.-க்குள் அடங்கிவிடும். 1/72 என்றால் மேடான பட்டை உள்ள கிட்டைவிட வழவழப்பான கிட்டை எடுத்து, பட்டைகளை மாஸ்க் வைத்து நிறத்தால் மட்டும் காட்டுவதே அந்த அளவில் நிஜத்துக்குப் பக்கத்தில் வரும்.