தம்பியைப் பார்க்க 11 வாரம்

தம்பி இருக்கும் சிறையின் பார்வையாளர் அனுமதிப் பிரிவைப் பற்றித்தான் இந்த மதிப்பீடு. இதையெல்லாம் யாரும் வெளியே சொல்வதில்லை. வீட்டில் ஒருவர் உள்ளே இருக்கிறார் என்று சொல்லவே வாய் வராது. எனக்கும் வரவில்லை. ஆனால் முன்னால் போன ஒருவர் இரண்டே விஷயத்தைச் சொல்லியிருந்தால், நான் அவனை ஆறு வாரம் முன்பே பார்த்திருப்பேன்.

அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றால் விட்டுவிடுவார்கள் என்று நினைத்திருந்தேன். அப்படி அன்றன்றே மனு வாங்கிப் பார்க்க விடுகிற சிறைகளும் உண்டு. இது அப்படி இல்லை. முதலில் தம்பி தன் பார்வையாளர் பட்டியலில் என் பெயரை எழுதிக் கொடுக்க வேண்டும். அப்புறம் நான் ஃபார்ம் நிரப்பி அனுப்ப வேண்டும். என்மேல் வழக்கு கிழக்கு இருக்கிறதா என்று விசாரிப்பார்கள். அதன் பிறகு ஒப்புதல். ஒப்புதல் வந்துவிட்டால் மறுநாளே போய்விடலாம் என்றும் இல்லை, நாளும் நேரமும் தனியாகப் பதிய வேண்டும்.

ஃபார்ம் நான்கு பக்கம். நான் தடுக்கி விழுந்தது முதல் பக்கத்தின் முதல் வரியில். முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டங்கள். நமக்கு ஏது குடும்பப் பெயர், இனிஷியல்தானே. இரண்டாவது கட்டத்தில் அப்பா பெயரை முழுதாக எழுதினேன். அடையாள அட்டையிலோ கல்யாணத்துக்குப் பிறகு மாற்றியபடி வீட்டுக்காரர் பெயர் இருக்கிறது. தம்பி பட்டியலில் எழுதிக் கொடுத்தது, சின்ன வயதிலிருந்து வீட்டில் என்னைக் கூப்பிடுகிற பெயர். ஒரே ஆளுக்கு மூன்று காகிதத்தில் மூன்று பெயர்.

ஐந்து வாரம் ஒரு தகவலும் இல்லை. போன் செய்தால் ‘பரிசீலனையில் இருக்கிறது’ என்பார்கள். ஆறாவது வாரம் ஒரு கடிதம் வந்தது. ‘விவரங்கள் பொருந்தவில்லை’ என்று ஒற்றை வரி. எந்த விவரம், எதோடு பொருந்தவில்லை என்று இல்லை. இந்தச் சேவையில் எனக்கு மனசு ஆறாத குறை இதுதான். தாமதத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். மறுத்த காரணத்தை இன்னும் ஒரு வரி எழுதியிருந்தால் அன்றைக்கே திருத்தி அனுப்பியிருப்பேன். நான் பத்து நாள், என்மேல் ஏதோ சந்தேகம் போலிருக்கிறது என்று தூக்கமில்லாமல் கிடந்தேன்.

நேரில் போனேன். கவுண்டரில் வயதான ஒரு பெண் ஊழியர். என் ஃபார்மையும் தம்பி கொடுத்த பட்டியலின் நகலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பேனா முனையால் எழுத்தெழுத்தாகத் தொட்டுக்கொண்டே வந்தார். “இங்க பாரும்மா, இதுவும் இதுவும் ஒரே ஆளுன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?” என்றார். “உங்க கார்டுல என்ன இருக்கோ அதையே ரெண்டு பேரும் எழுதுங்க.” இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது, ஆனால் இந்த இடத்தின் நல்ல மதிப்பெண் முழுதும் அவருக்குத்தான்.

இன்னொன்று, வழக்கு பற்றிய கேள்வி. என் வீட்டுக்காரர்மேல் இருபது வருஷத்துக்கு முந்தைய ஒரு அடிதடி வழக்கு உண்டு. ‘இல்லை’ என்று போட்டுவிடலாமா என்று யோசித்தார். வேண்டாம் என்றேன். ‘ஆம்’ என்று போட்டு நடந்ததை நான்கு வரி எழுதினார், அனுமதி வந்தது. பழைய வழக்கு ஒன்றாலேயே எல்லா இடத்திலும் மறுத்துவிடுவதில்லை. மறைத்தது தெரிந்தால் அதுவே மறுக்கக் காரணமாகிவிடும்.

தம்பி மகளுக்கு ஆறு வயது. அவளுக்குத் தனி ஃபார்ம், பிறப்புச் சான்றிதழ், அவள் அம்மாவின் ஒப்புதல் கையெழுத்து. குழந்தையைச் சோதனை போடுவார்களே என்பதுதான் எனக்குப் பெரிய பயம். ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2015 டிசம்பரில் ஏற்றுக்கொண்ட நெல்சன் மண்டேலா விதிகளைத் தேடிப் படித்தது அதற்காகத்தான். சட்டம்போல ஒரு நாட்டைக் கட்டாயப்படுத்தாது என்றாலும் உலகம் ஒத்துக்கொண்ட அளவுகோல் அது. பார்வையாளரைச் சோதிப்பது அவமானப்படுத்துவதாக இருக்கக் கூடாது, உடலுக்குள் சோதிப்பதைக் குழந்தைகளிடம் செய்யவே கூடாது என்கிறது 60ஆவது விதி. குடும்பத் தொடர்பை நிறுத்துவதைத் தண்டனையாகப் பயன்படுத்தக் கூடாது என்கிறது 43. இங்கே ஒரு பெண் காவலர் அவள் உயரத்துக்குக் குனிந்து, “பறவை மாதிரி கையை விரி பார்க்கலாம்” என்றார். விரித்தாள். கருவியை மேலும் கீழும் ஒரு தடவை காட்டினார், முடிந்தது.

உடை விதிகளை முன்னாடியே வாங்கிப் படித்துவிடுங்கள். கைதிச் சீருடையின் நிறத்தில் உடுத்தி வந்த ஒரு அம்மாவை என் கண்ணெதிரே திருப்பி அனுப்பினார்கள். கம்பி வைத்த உள்ளாடை மெட்டல் டிடெக்டரில் சத்தம் போடும். கையில் லாக்கர் சாவியும் அடையாள அட்டையும் தவிர எதுவும் இருக்கக் கூடாது.

சந்திப்பு 45 நிமிஷம். வந்ததும் ஒருமுறை, கிளம்பும்போது ஒருமுறை கட்டிக்கொள்ளலாம். தம்பி இளைத்திருந்தான். மகளின் விழுந்த பல்லைத்தான் முதலில் பார்த்தான். “எப்படா விழுந்துச்சு?” என்று கேட்டான். “போன மாசம்ப்பா” என்றாள். அந்த ஒரு மாசம் காகிதத்தில் போனது.

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலச் சிறைத்துறை, 2003 முதல் 2007 வரை விடுதலையான 16,420 பேரை ஆராய்ந்து 2011இல் அறிக்கை வெளியிட்டது. உள்ளே இருந்தபோது பார்க்க ஆள் வந்தவர்கள் மறுபடி குற்றத்தில் தண்டனை பெறும் அபாயம் 13 சதவீதம் குறைவு என்று அதில் இருக்கிறது. அனுமதிப் பிரிவில் உட்கார்ந்திருப்பவர்கள் மேஜையில் இதை ஒட்டிவைக்க வேண்டும் என்று நிஜமாகவே விரும்புகிறேன்.

ஐந்துக்கு மூன்று கொடுக்கிறேன். மூன்றும் கவுண்டரில் இருந்தவருக்கும் சோதனை வாசலில் இருந்தவருக்கும். கழித்த இரண்டு அந்த ஒற்றை வரிக் கடிதத்துக்கு.

அம்மாவின் ஃபார்மைப் போன செவ்வாய்க்கிழமை அனுப்பினேன். அட்டையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்து எழுதினேன். அதே பெயரைப் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதி, இப்படியே பட்டியலில் கொடுடா என்று தம்பிக்கும் கடிதம் போட்டிருக்கிறேன்.